காருக்குள் பூசணம்: துடைத்தால் மட்டும் போதுமா?

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலை விழுப்புரம் மாவட்டம் அவ்வளவு சீக்கிரம் மறக்காது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. இப்படி ஒரு மழை ஓய்ந்ததும் கார் வைத்திருப்பவர்களுக்கு முதல் கவலை இன்ஜின்தான். அது தப்பித்துவிட்டால் 'அப்பாடா'. ஆனால், சில நாள் கழித்துக் கதவைத் திறந்தால் குப்பென்று ஒரு வாடை, சீட்டில் வெள்ளைத் திட்டுகள். ஆமாம், பூசணம்!

புயல்தான் வரணும்னு இல்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த செஞ்சிக் கோட்டைக்குப் போய், மழையில் ராஜகிரி ஏறி இறங்கி, நனைந்த துணியையும் ஷூவையும் டிக்கியில் போட்டு மறந்துட்டாலே போதும். பூஞ்சை வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. ஈரம் கிடைத்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் வளரத் தொடங்கிவிடும். சீட்டில் படிந்த வியர்வையும் சிந்திய சிப்ஸ் தூளும் அதற்குச் சாப்பாடு.

ஈரம் எங்கே ஒளிந்திருக்கிறது?

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். சீட்டைத் துடைத்து, டாஷ்போர்டில் பெர்ஃப்யூம் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். தண்ணீர் இருப்பதோ கால் வைக்கும் இடத்தில், கார்பெட்டுக்குக் கீழே உள்ள ஃபோமில். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். டிஷ்யூ பேப்பரை வைத்து அழுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மழையே இல்லாமல் முன் பயணி பக்கம் மட்டும் நனைகிறதா? ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். புளிய மரத்தடியில் நிறுத்துபவர்கள், முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகாலைப் பாருங்கள். அந்தப் பொடி இலைகள் அடைத்தால் மழைத் தண்ணீர் உள்ளே திரும்பும். கதவு ரப்பர், சன்ரூஃப் இருந்தால் அதன் குழாய்கள் என இவற்றையும் சரிபார்க்க வேண்டும். கசிவை நிறுத்தாமல் எத்தனை முறை துடைத்தாலும் பூசணம் திரும்ப வரும்.

எப்படிச் சுத்தம் செய்வது?

என்95 மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, நான்கு கதவுகளையும் திறந்துவைத்து, வெட்டவெளியில் செய்யுங்கள். காய்ந்த பூசணத்தைப் பிரஷால் தேய்க்காதீர்கள், வித்துகள் கார் முழுக்கப் பறக்கும். ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

துணி சீட்டுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து தெளித்து, கால் மணி நேரம் கழித்து ஈரத்துணியால் ஒற்றி எடுக்கலாம். முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்துவிடுங்கள். லெதரை ஊறவிடக் கூடாது. சீட் பெல்ட்டுக்கு மிதமான சோப்புத் தண்ணீர் மட்டுமே. ப்ளீச்சிங் அதன் இழைகளைப் பலவீனமாக்கும், விபத்தில் நம்மைப் பிடித்து நிறுத்துவது அந்த இழைகள்தான். ப்ளீச்சையும் வினிகரையும் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

பிறகு உலர்த்தணும். கண்ணாடியை மூடி வெயிலில் நிறுத்தினால் ஈரம் உள்ளேயேதான் சுற்றும். கார்பெட்டைத் தூக்கி, அடியில் ஃபேன் காற்று படவிடுங்கள். சீட்டைக் கழற்ற வேண்டுமானால் மெக்கானிக்கிடம் போங்கள், அடியில் ஏர்பேக் ஒயர்கள் இருக்கும். சாக்கடை கலந்த வெள்ளம் புகுந்திருந்தால் ஃபோமை மாற்றிவிடுவதே சரி. செலவுதான், ஆனால் அந்தக் காற்றைத்தான் குழந்தைகளும் சுவாசிக்கிறார்கள்.

கேபின் ஃபில்டரையும் மாற்றுங்கள், சில நூறு ரூபாயில் முடிகிற வேலை.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் கிடைக்காது. முழுமையான பாலிசியில் வெள்ளச் சேதத்துக்குக் கவரேஜ் உண்டு. ஆனால், கவனிக்காமல் விட்டதால் வந்த பூசணம் என்று சொல்லிவிட்டால் சிக்கல். அதனால், சுத்தம் செய்வதற்கு முன்பே போட்டோ எடுத்து, உடனே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.