நெட்டி உருண்டையும் ஒரு மில்லிகிராம் விசையும்

மாட்டுப் பொங்கலன்று காளைகளின் கழுத்தில் சாயமேற்றிய மாலையாகத் தொங்கும் நெட்டி, ஏரிக்கரைச் சேற்றில் தானே முளைத்து வளரும் ஒரு செடியின் தண்டு என்பதை அறிந்தவர் பலர்; அதே தண்டிலிருந்து உருட்டியெடுத்த ஒரு சிறு பந்து, கண்ணுக்கும் கைக்கும் புலப்படாத மின்னேற்றத்தின் அளவைச் சொல்லிவிடும் என்பதைப் பிரத்தியட்சமாகக் கண்டவர் சிலரே. கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகேயுள்ள ஓர் ஊரில் நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, அந்தப் பாக்கியம் எனக்கு வாய்த்தது. இன்று தனி மாவட்டத்துக்குத் தலைநகராக விளங்கும் கள்ளக்குறிச்சி, அப்போது தென்னாற்காட்டின் ஒரு தாலுகா.

எங்கள் பௌதிக ஆசிரியர் நெட்டியைச் சவரக்கத்தியால் சீவி, ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஐம்பது உருண்டைகள் செய்து, மின்சாரம் அவற்றின் மேற்பரப்பில் எளிதில் பரவும்பொருட்டு ஒவ்வொன்றின்மேலும் பென்சில் கரியைத் தேய்த்தார். ஒற்றை உருண்டையை நிறுக்கப் பள்ளித் தராசுக்கு நுட்பம் போதாது. ஆகவே ஐம்பதையும் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் நகைக்கடைத் தராசில் ஒருசேரக் கொட்டி நிறுத்தார். ஒரு கிராம் இருந்தது. உருண்டை ஒன்றுக்கு 20 மில்லிகிராம்.

அவற்றில் இரண்டை, 30 சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டு நூல்களில் ஒரே ஆணியிலிருந்து தொங்கவிட்டு, கம்பளியில் தேய்த்த எபோனைட் கோலால் தொட்டவுடன், ஒட்டி உறவாடிய இரண்டும் திடுக்கிட்டு விலகி, சற்றே ஊசலாடிப் பின் அசையாது நின்றன. மின்விசை பக்கவாட்டில் தள்ள, பூமியின் ஆகர்ஷணம் கீழே இழுக்க, இவ்விரண்டுக்கும் ஈடாக நூல் சாய்ந்து தாங்க, மூன்றும் சமநிலை எய்திய இடத்தில் உருண்டைகள் நிலைபெற்றன. இடைவெளியை அளக்க ஒருவன் அளவுகோலோடு ஓடினான். உருண்டைகள் கோலை நோக்கிப் பாய்ந்தன. மின்னேற்றமுள்ள பொருள், அருகே வரும் மின்னேற்றமற்ற எதையும் தன்பால் இழுக்கப் பார்க்குமாதலால், ஆசிரியர் பின்புறச் சுவரில் கட்டம் போட்ட தாளை ஒட்டி, எட்ட நின்று ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொன்னார். மூன்று சென்டிமீட்டர்.

கணக்கு இதற்குமேல் வாய்க்கணக்குதான். ஒவ்வோர் உருண்டையும் நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் விலகியிருக்கிறது, நூலோ முப்பது, விகிதம் இருபதில் ஒன்று. எனவே தள்ளும் விசை உருண்டையின் எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிகிராம் எடை. ஏற்றம் இரண்டும் சமமென்று கொண்டு கூலும் விதியில் இதைப் புகுத்தினால், ஒவ்வோர் உருண்டையிலும் ஏறத்தாழ ஒரு நானோகூலும், ஒரு கூலுமில் நூறு கோடியில் ஒரு பங்கு, இருப்பதாகத் தெரிகிறது. எலெக்ட்ரான் கணக்கில் சொன்னால் சுமார் 620 கோடி! உருண்டைகள் வெறும் புள்ளிகளல்லவாதலால் விடையில் சிறு பிழை உண்டு. ஆனால் ஒரு நகைக்கடைத் தராசும் கட்டத் தாளும் இவ்வளவு தூரம் கொண்டுவந்ததே பெரிதென்பது என் அபிப்பிராயம்.

இந்த விதியை 1785-இல் நிறுவிய பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் கூலும் பயன்படுத்தியதும் இத்தகைய உருண்டையே. அவர் நாட்டில் நெட்டிக்குப் பதிலாக எல்டர் மரத்தின் உட்சோறு. கண்ணாடிக் கூட்டினுள் மெல்லிய வெள்ளிக் கம்பியில் தொங்கிய கோலின் நுனி உருண்டை, நிலையாக வைத்த உருண்டையால் தள்ளப்பட்டு 36 பாகை விலகியது. கம்பியை மேலிருந்து முறுக்கி அவர் இடைவெளியை 18 பாகையாக்கியபோது மொத்த முறுக்கு 144. பின்னும் முறுக்கி எட்டரை பாகைக்குக் கொணர்ந்தபோது 575½. தூரம் பாதியானால் விசை நான்கு மடங்கு என்பதற்கு இதைவிட நேர்த்தியான சாட்சியம் கிடைப்பதரிது. இத்தனை நேர்த்தி எப்படி வாய்த்தது என்று பிற்கால ஆராய்ச்சியாளர் ஐயுற்றதும் உண்டு. முறுக்கைக் கொண்டு சூட்சும விசையை மடக்கும் இந்த உபாயத்தை, 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், டாக்காவில் படிகங்களைக் குவார்ட்ஸ் இழையில் காந்தப் புலத்தினிடையே தொங்கவிட்டு அவற்றின் காந்தத் தன்மையை அளப்பதற்குக் கையாண்டார்.

பௌதிக அறிஞர் மில்லிகனோ நூலையே நீக்கிவிட்டார். சிகாகோவில் எண்ணெய்த் திவலையை இரண்டு உலோகத் தட்டுகளுக்கிடையே விழவிட்டு, மின்விசையால் அதன் எடையைத் தாங்கி அந்தரத்தில் நிறுத்தியும், ஏறி இறங்கும் வேகத்தை அளந்தும், ஒற்றை எலெக்ட்ரானின் ஏற்றத்தை 1913-இல் வெளியிட்டார். அந்த எண் இன்றைய மதிப்புக்கு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பிசகியது.

எங்கள் பரிசோதனை மாசி மாதத்தில் இவ்வாறு இனிதே நடந்தது. ஆனால் அடுத்த ஐப்பசியில், மலை முகம் காட்டாமல் மேகம் கவிந்து, வகுப்பறைச் சுவரே வியர்த்திருந்த ஒரு நாளில், தாமதமாகச் சேர்ந்த மாணவர்களுக்காக அதை மீண்டும் செய்தபோது, விலகி நின்ற உருண்டைகள் மெல்ல மெல்ல நெருங்கின.

"சார், ஒட்டிக்கிச்சு சார்!" என்று பின்வரிசையிலிருந்து குரல் எழுந்தது.

ஈரம் படிந்த நூல் வழியே மின்னேற்றம் கசிந்து போய்விட்டது. கூலும் தம் மூன்றாவது ஆராய்ச்சிக் கட்டுரையை முழுவதும் இந்தக் கசிவுக்கே ஒதுக்கியிருந்தார் என்பதை ஆசிரியர் அறிந்திருந்தாரோ என்னவோ, கோலை மீண்டும் கம்பளியில் தேய்த்து உருண்டைகளைத் தொட்டுவிட்டு, தம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, மூன்று சென்டிமீட்டர் இரண்டாகக் குறைய எத்தனை நிமிஷமென்று குறிக்கச் சொன்னார். அந்த இரண்டில் விசை மட்டுமல்லாமல் தூரமும் குறைந்திருப்பதால், மிஞ்சியது நூற்றுக்கு ஐம்பத்து நான்கு பங்கு மின்னேற்றமே என்று கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டினார். அதற்குள் உருண்டைகள் மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தன. வெளியே மழை பிடித்துக்கொண்டது.