குறிப்புகள் கூடினால் கருத்துப் பிறக்கும்

கண்டி வாவிக்கரையில் ஒருநாள் மாலை உலாவிக்கொண்டிருந்தபோது என் மாணவனொருவன் எதிர்ப்பட்டான். “ஐயா, கொப்பி கொப்பியாகக் குறிப்பெழுதி வைத்திருக்கிறேன், கட்டுரை எழுத அமர்ந்தாலோ சொந்தமாக ஒரு வரியும் வரவில்லையே!” என்று வருந்தினான்.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. அன்றிரவு என் இருபது ஆண்டுக்காலக் கொப்பிகளைப் புரட்டினேன். அத்தனையும் பிறர் வாக்குகள்! நான் என்ன நினைத்தேன் என்பதற்கு ஒரு சொல்லும் அங்கில்லை.

அப்பொழுது டாக்டர் உ. வே. சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். அவரும் கும்பகோணத்திலே கல்லூரி ஆசிரியராயிருந்தவரே. சீவகசிந்தாமணியை ஆராய்ந்தபோது, நச்சினார்க்கினியர் நூற்பெயர் கூறாது எடுத்தாண்ட மேற்கோள்கள் அவரைத் திகைக்கவைத்தன. பின்னர்த் திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளைப் படித்தபோது அவற்றுட் பல முகங்காட்டின. சமணக் கருத்துகளைச் சமணரிடமே கேட்டுத் தெளிந்தார். இவ்வாறு ஒன்றோடொன்றைப் பொருத்திப் பார்த்த உழைப்பினாலேயே 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது.

ஜெர்மானிய சமூகவியலறிஞர் நிக்லாஸ் லூமான் (1927–1998) சுமார் 90,000 சீட்டுகளுக்கு எண்ணிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டி வைத்தே நூல்கள் பல இயற்றினார்.

முறை எளிதே. ஒரு சீட்டில் ஒரு கருத்தையே எழுதுக. அதனை உமது சொல்லிலே எழுதுக. நூற்பெயரும் பக்கமும் குறித்து எண்ணிடுக. பின்னர், எந்தப் பழைய சீட்டோடு இது உடன்படுகிறது, எதனோடு முரண்படுகிறது என்று பார்த்து, அதன் எண்ணையும் எழுதுக.

இதனை மாணவனுக்குச் சொன்னேன். சில வாரங்களில் மூன்று சீட்டுகளோடு வந்தான். ஒன்றில், கோப்பிக்கு அறுவடைப் பருவத்திலேதான் ஆட்கள் மிகுதியாக வேண்டும். அது முடியப் பலர் தமிழகம் திரும்பினர் என்றிருந்தது. மற்றொன்றில், 1869இல் இலங்கையிற் கோப்பி இலைநோய் கண்டறியப்பட்ட செய்தி. மூன்றாவதில், தேயிலைக் கொழுந்தை ஆண்டு முழுவதும் பறிக்கவேண்டும் என்பது.

“அப்படியாயின், என் முன்னோர் ஊர் திரும்பாது இம்மலையிலேயே தங்கியதற்கு அந்த இலைநோயும் ஒரு காரணமோ, ஐயா?” என்று கேட்டான்.

அவ்வினா அவனுடைய கொப்பி எதிலும் இருந்ததன்று. மூன்று சீட்டுகளும் கூடியபோது அவனுள்ளே பிறந்தது. அன்றிரவு நானும் என் முதலாவது சீட்டை எழுதினேன்.