மலையும் மடுவும்

நேயர்களே, திருகோணமலை என்னும் பெயரை நாம் நாள்தோறும் சொல்லுகிறோம். அப்பெயரின் இறுதியில் நிற்கும் 'மலை' எது என்று கேட்டால், எவரும் கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலையையே சுட்டிக் காட்டுவர். கடலினின்று செங்குத்தாய் எழுந்து நிற்கும் அப்பாறையின் உயரம் ஏறக்குறைய 350 அடி. சம்பந்தப் பெருமான் பதிகம் பாடிய தலம் அது; இராவணன் வெட்டு என்று யாத்திரிகருக்குக் காட்டப்படும் பிளவும் அங்கேதான் உள்ளது. சமயச் சிறப்பிலே அதற்கு நிகரில்லை. ஆயினும் நுவரெலியாவிலிருந்து வந்த ஒருவர் அதனைப் பார்த்து, 'இதுவும் ஒரு மலையா?' என்று வினவினால், அவர்மீது நாம் குறை காணல் இயலாது. அந்த வினாவுக்குப் பூகோள நூல் கூறும் விடையையே இன்று ஆராய இருக்கிறோம்.

உயர்ந்த சிகரங்கள் என்றவுடன் நம் மாணவர்கள் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத் தொடரை நினைப்பர். அதன் தலைச் சிகரமான மொன்ட் பிளாங்க் 4,800 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரமுடையது. ஆல்ப்ஸில் 4,000 மீற்றரைத் தாண்டும் சிகரங்கள் எண்பதுக்கும் மேல் உள்ளன என்று மலையேறுவோர் கணக்கிட்டுள்ளனர். நம் நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலை 2,524 மீற்றர். ஆல்ப்ஸின் தலைச் சிகரத்தின் பாதியளவே. அதற்கடுத்து கிரிகல்பொத்தை ஏறக்குறைய 2,390 மீற்றரும், தொட்டுபொலகந்தை 2,357 மீற்றரும், நால்வகைச் சமயத்தாரும் வணங்கும் சிவனொளிபாத மலை 2,243 மீற்றரும், பதுளைப் பக்கத்து நமுனுகுலை ஏறக்குறைய 2,035 மீற்றரும் உயர்ந்துள்ளன.

இச்சிகரங்கள் நிற்கும் முறையிலே ஓர் ஒழுங்கு உண்டு. மேற்கே சிவனொளிபாத மலையிலிருந்து கிழக்கே நமுனுகுலை வரை தென்விளிம்பில் ஒரு நீண்ட மலைச்சுவர் ஓடுகிறது. அதன் நடுவிலிருந்து ஒரு முதுகு வடக்கு நோக்கிப் பிதுருதலாகலை வரை செல்கிறது. மேலிருந்து நோக்குவார்க்கு இவ்வமைப்பு ஒரு நங்கூரம்போலத் தோன்றும் எனப் பூகோள ஆசிரியர்கள் சொல்வதுண்டு. துறைமுகத்தில் வாழ்வோருக்கு எளிதில் விளங்கும் உவமை இது.

இனி, உயரத்தை விட்டு வயதைப் பார்ப்போம். ஆல்ப்ஸ் இளமையான மலை. ஆபிரிக்க நிலத்தட்டு ஐரோப்பிய நிலத்தட்டை நெருக்கியதனால், கடலடியிற் படிந்திருந்த பாறைகள் மடிந்து மேலெழுந்தன. இது கடந்த சில கோடி ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது. இளமை காரணமாகவே அதன் சிகரங்கள் கூர்மையாயும் உயரமாயும் இருக்கின்றன. நம் மலைநாட்டுப் பாறைகளின் கதை வேறு. அவை ஏறக்குறைய 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், இந்தியா, மடகஸ்கார், அந்தாட்டிக்கா ஆகியவற்றோடு நம் தீவும் ஒரே பெருங்கண்டமாய்ச் சேர்ந்த காலத்தில், பூமிக்குள் 20 கிலோமீற்றருக்கும் கீழான ஆழத்தில் வெந்து உருமாறியவை. அவற்றின் மேல் அன்று எழுந்து நின்ற பெருமலைகளை மழையும் காற்றும் ஆறுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தேய்த்துவிட்டன. ஆகவே, இன்று நாம் சிகரம் என்று அண்ணாந்து பார்ப்பது, மறைந்துபோன மலைகளின் அடிவேரையே. ஆல்ப்ஸின் முன்னே நம் மலை குள்ளமாகத் தோன்றுவது, அது நெடுங்காலம் உழைத்துத் தேய்ந்த முதியது என்பதாலேயாம்.

தீவின் நிலம் கடற்கரையிலிருந்து மூன்று படிகளாக உயர்ந்து செல்வதைக் கனடா நாட்டு அறிஞர் அடம்ஸ் 1929 ஆம் ஆண்டிலே விளக்கினார். அப்படிகள் எவ்வாறு தோன்றின என்பதில் அவருக்கும், பின்னர் 1945 ஆம் ஆண்டிற் கட்டுரை வெளியிட்ட இந்திய அறிஞர் வாடியாவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. நிலப்பகுதிகள் பாளம் பாளமாக உயர்த்தப்பட்டமையே காரணம் என்பது வாடியாவின் கொள்கை. எங்ஙனமாயினும், திருகோணமலை கீழ்ப்படியிலும் பிதுருதலாகலை மேற்படியிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 180 கிலோமீற்றர் தூரம். இவற்றுக்கிடையே உறவு ஏது என்று நேயர்கள் கேட்கலாம்.

முதல் உறவு கல்லினால் ஆனது. மலைநாட்டுப் பாறைகளைப் புவிச்சரித நூலார் உயர்நிலத் தொகுதி என்பர். இத்தொகுதி மலைநாட்டோடு முடிந்துவிடவில்லை. தென்மேற்கிலிருந்து நடுமலை வழியாக வடகிழக்கே நீண்டு, மாத்தளை, பொலன்னறுவைப் பக்கங்களைக் கடந்து, திருகோணமலையிலே கடலைத் தொடுகிறது. சுவாமி மலையும் அதனையடுத்த குன்றுகளும் குவார்ட்சைட் என்னும் கடினமான படிகப் பாறையால் ஆனவை. மணல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் இறுகிக் கல்லானதே அப்பாறை, எளிதிலே கரையாது. அதன் இடையிடையே மென்மையான பாறைகள் இருந்தன. அவை அரிபட்டுப் பள்ளங்களாயின; கடினமானவை குன்றுகளாய் எஞ்சின. எனவே, நுவரெலியா அன்பர் எள்ளிய அந்தக் குன்று, அவர் ஊர் மலையின் பாறைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மலைநாட்டில் எழும் அக்குடும்பத்தின் கடைசி எல்லை, கோணேசர் காலடியில் அலை மோதும் இடமாகும்.

துறைமுகம் தோன்றிய வரலாறும் இதனோடு இணைந்தது. ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகின் வடபாகங்களைப் பெரும் பனிப்பாளங்கள் மூடியிருந்தன. கடல்நீரின் ஒரு பங்கு பனியாய் நிலத்தில் உறைந்து கிடந்தமையால், கடல்மட்டம் இன்றைக்கிருப்பதைவிடச் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. சுவாமி மலையின் உயரத்துக்கு ஏறக்குறைய ஒப்பான அளவு அது. அந்நாளில் இக்குன்றுகளுக்கிடையே இருந்தவை உலர்ந்த பள்ளத்தாக்குகளே. பனி உருகியபோது கடல் உயர்ந்து, பள்ளத்தாக்குகளுக்குள் நுழைந்தது. குன்றுகள் முனைகளாகவும் தீவுகளாகவும் நின்றன. பள்ளங்கள் ஆழமான உட்குடாக்களாயின. நிலத்தால் நாற்புறமும் அணைக்கப்பட்டு, எப்பருவத்துக் காற்றுக்கும் அஞ்சாமற் கப்பல்கள் தங்கக்கூடிய துறை இவ்வாறு அமைந்தது. கொழும்புத் துறைமுகத்தை அலைதடுப்புச் சுவர் கட்டியே ஆக்கவேண்டியிருந்தது. அதற்கு அடிக்கல் நாட்டியது 1875 ஆம் ஆண்டு. திருகோணமலைக்கு அச்சுவரை மலையே கட்டிக் கொடுத்தது. போர்த்துக்கேயரும், ஒல்லாந்தரும், பிரெஞ்சுக்காரரும், ஆங்கிலேயரும் மாறிமாறி இதற்காகப் போரிட்டதற்கும், 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் இதன்மேற் குண்டு வீசியதற்கும் இந்த இயற்கை அமைப்பே அடிப்படை.

இரண்டாவது உறவு நீரினால் ஆனது. ஆல்ப்ஸ் மலைப் பனியிலே பிறக்கும் றைன் நதி, ஏறக்குறைய 1,230 கிலோமீற்றர் ஓடி, றொட்டர்டாம் துறைமுகத்தின் அருகே கடலைச் சேர்கிறது. நமது மகாவலி கங்கையும் அவ்வாறே. நீளம் 335 கிலோமீற்றர்தான். ஆனால் தீவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கின் நீரை அது திரட்டி வருகிறது. கிரிகல்பொத்தையை அடுத்த உயர்நிலத்தில் ஊறும் அக்கரா ஓயா, பிதுருதலாகலையின் பக்கத்து நானு ஓயா ஆகியவை கொத்மலை ஓயாவிற் கலந்து மகாவலியைச் சேர்கின்றன. நமுனுகுலைப் பக்கத்து நீர் பதுளு ஓயாவாய் வந்து சேர்கிறது. கங்கை கண்டியைச் சுற்றி, மகியங்கனையில் சமவெளிக்கு இறங்கி, மன்னம்பிட்டியைத் தாண்டி, ஒரு கிளையை வெருகல் ஆறாக அனுப்பிவிட்டு, மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் இடையே கொட்டியாரக் குடாவில் விழுகிறது.

இவ்வுறவின் பயனைக் கொட்டியாரப் பற்று உழவர் நன்கறிவர். திருகோணமலைக்கு மழை தருவது பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரையுள்ள வடகீழ்ப் பருவக்காற்று. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது நிலம் வெடிக்கும், குளங்கள் வற்றும். அதே காற்றுத்தான் மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையாய்க் கொட்டுகிறது. கொத்மலை ஓயா பெருக்கெடுக்கிறது. அந்நீர் கங்கை வழியே வந்து, வெருகற் பக்கத்து வயல்களிற் சிறுபோகத்தைக் காக்கிறது. ஈரத்தை மலையிலே இறக்கிவிட்டு வெறுங்கையோடு வந்து நம்மை வாட்டும் காற்றின் கடனை, ஆறு பின்னால் வந்து தீர்க்கின்றது என்னலாம்.

மூன்றாவது உறவு மணலினால் ஆனது. மகாவலி என்னும் சிங்களப் பெயருக்குப் 'பெருமணல் ஆறு' என்பது பொருள். தேய்ந்துவரும் சிகரங்களின் துகள்களே அம்மணல். இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. ஆறு விழும் இடங்களிற் பொதுவாகக் கடல் தூர்ந்து மேடாகும். கங்கை முகத்தில் அமைந்த இக்குடா மட்டும் எவ்வாறு ஆழமாயிருக்கின்றது? விடை கடலுக்கு அடியில் உள்ளது. நம் தீவைச் சுற்றிய ஆழங்குறைந்த கண்டமேடை மிகவும் ஒடுங்கியது. சராசரி அகலம் 20 கிலோமீற்றரளவே. கொட்டியாரக் குடாவிலோ, அம்மேடையைப் பிளந்துகொண்டு கரைக்கு மிக அருகிலிருந்தே ஒரு பெரும் கடலடிப் பள்ளத்தாக்குத் தொடங்குகிறது. அது வங்கக் கடலின் அடித்தளத்தை நோக்கி, 3,000 மீற்றர் அளவான ஆழம் வரை இறங்குகிறது. பிதுருதலாகலையை அதனுள் இறக்கினால் உச்சியும் நீருள் மறைந்துவிடும்! பழம்பெருங்கண்டம் பிரிந்தபோது பாறையில் உண்டான வெடிப்புகளும், சேறும் மணலும் கலந்து கடலடியிற் பாயும் நீரோட்டங்களும் அதனைக் குடைந்தன என ஆய்வாளர் கருதுவர். கங்கை கொணரும் மணலிற் பெரும் பங்கை அப்பள்ளத்தாக்கே விழுங்கி ஆழ்கடலுக்கு அனுப்புகின்றது. அந்த ஆழம் கரையருகே இருப்பதனாலேதான், வேறிடங்களில் நெடுந்தூரம் சென்று காணவேண்டிய நீலத் திமிங்கிலங்களைத் திருகோணமலை மீனவர் தம் கடலிலேயே காண்கின்றனர்.

நிலத்தின் வெடிப்புகளைக் கண்கூடாகக் காட்டும் சான்று கன்னியாவில் இருக்கிறது. அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளை, தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கினான் என்பது ஐதிகம். நம் தீவில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்பின் வழியே நெடுந்தூரம் கீழிறங்கி, பூமியின் உள்வெப்பத்தாற் சூடேறி மீளுகிறது. நம் நாட்டு வெந்நீரூற்றுகளிற் பல, உயர்நிலத் தொகுதியும் அதன் கிழக்கேயுள்ள விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே வரிசையாய் அமைந்துள்ளன. கன்னியாவும் அவ்வரிசையிலே சேர்ந்தது.

கல், நீர், மணல் என்ற மூன்று உறவுகளையும் கண்டோம். கல்லின் உறவை மனிதன் மாற்ற இயலாது. மற்றிரண்டும் நம் கையில் உள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் அழிக்கப்பட்டன. அவ்வேலைக்கென்று தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் அம்மலைகளிற் சிந்திய வியர்வை தனி வரலாறு. காடு போனபின் மழை மண்ணைக் கரைத்து ஓடும் என்பதைத் தாவரவியல் அறிஞர் ஹூக்கர் எடுத்துரைத்தார். அதன்பேரில் 1873 ஆம் ஆண்டில், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பதும் வெட்டுவதும் தடுக்கப்பட்டன. அந்த ஒரு கட்டளை இல்லாதிருந்தால் ஹோட்டன் சமவெளியின் காடுகள் இன்று எஞ்சியிரா. அச்சமவெளி 1988 இல் தேசிய பூங்காவாயிற்று. 2010 இல் அது, சிவனொளிபாத வனம், நக்கிள்ஸ் மலைக்காடு ஆகிய மூன்றும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. அம்மலைக்காடுகள் வெறும் காட்சிப்பொருளல்ல. முகில் தவழும்போது இலையாலும் பாசியாலும் ஈரத்தைப் பிடித்து, ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாய் ஓடைகளுக்கு விடுபவை அவையே. ஆயினும் ஹோட்டன் சமவெளியின் மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போவதை ஆய்வாளர் பல ஆண்டுகளாகக் கவலையோடு கவனித்து வருகின்றனர்.

மணலின் கதையும் மாறியுள்ளது. 1980 களிற் கட்டி முடிக்கப்பட்ட விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகலை அணைகள் நாட்டுக்கு ஒளியும் நெல்லும் தந்தன. அதேவேளை, மலையின் மணலை அவை தேக்கி வைக்கின்றன. கீழே எஞ்சும் மணலையும் கட்டடங்களுக்கென அளவின்றி அள்ளினால், ஆற்றின் படுகை தாழும், கரைகள் இடியும், கோடையில் உவர்நீர் ஆற்றுக்குள் ஏறும். அவ்விழப்பு முதலில் விழுவது முகத்துவாரத்து வயலின்மேலும் வலையின்மேலும்தான்.

ஒன்றுக்கொன்று சிறிதும் ஒவ்வாதவற்றை 'மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை' என்று கூறுவது நம் வழக்கம். திருகோணமலையிலோ மலையும் மடுவும் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன. நுவரெலியாவிலே ஒரு சரிவு மொட்டையானால், அதன் செய்தி ஒரு நாள் கிண்ணியாக் கரைக்கு வந்து சேரும். சுவாமி மலையின் உச்சியில் நின்று கொட்டியாரக் குடாவைப் பார்க்கும் வாய்ப்புப் பெறும் நேயர்கள், அங்கு வந்து விழும் கலங்கிய நீரையும் சற்றே உற்று நோக்குவார்களாக. பிதுருதலாகலையும் நமுனுகுலையும் துகள் துகளாக அதிலேதான் வந்துகொண்டிருக்கின்றன.