வானொலியை இயக்கும் கணிப்பொறி: பழுதும் தீர்வும்

ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது உரையாடலின் முதல் நெறி. அமெச்சூர் வானொலியில் இந்நெறி கருவியின் அமைப்பிலேயே பொதிந்துள்ளது. 'ஹாம்' என வழங்கப்பெறும் இவ்வானொலியர், ஒன்றிய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்று, வணிக நோக்கமின்றி உலகெங்கும் உரையாடுவோர் ஆவர். ஒலிவாங்கியின் பொத்தானை அழுத்தினால் இவர்தம் கருவி அலைபரப்பும், விட்டால் கேட்கும்.

அப்பொத்தானை இன்று விரலுக்குப் பதிலாகக் கணிப்பொறியும் அழுத்துகிறது. 1993 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோசப் டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்கியுடன் சேர்ந்து 2017 இல் வெளியிட்ட எஃப்.டி.8 முறையில், 15 நொடிக்கு ஒருமுறை அனுப்புதலும் கேட்டலும் மாறி மாறி நிகழ்கின்றன. இவ்விரைவில் கணிப்பொறிக்கும் வானொலிக்கும் இடையே நின்று பொத்தானை இயக்கும் சிறு இணைப்புப் பெட்டியின் பழுதுகளை இங்குக் காண்போம்.

நாமக்கல் லாரியையும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியையும் கண்டு பழகிய நமக்கு இதன் தத்துவம் புதிதன்று. பல வண்டிகளில் ஹாரன் பொத்தான் பெரும் மின்னோட்டத்தைத் தாங்குவதில்லை. ரிலேயின் ஒரு முனையை எர்த்தோடு சேர்ப்பதே அதன் பணி. ஹாரனை ஒலிக்கச் செய்வது ரிலே. வானொலியின் பொத்தான் கம்பியும் பெரும்பாலும் அத்தகையதே. எர்த்தைத் தொட்டால் அலைபரப்பும், விலகினால் கேட்கும்.

கணிப்பொறியின் சீரியல் போர்ட்டில் ஆர்.டி.எஸ்., டி.டி.ஆர். என இரு கட்டளைக் கம்பிகள் உள்ளன. ஒன்பது முனை இணைப்பியில் அவை முறையே 7, 4 ஆம் முனைகள். 5 ஆம் முனை எர்த். கட்டளை வந்ததும் பெட்டியிலுள்ள ஆப்டோகப்ளரின் உட்புறத்துச் சிறு விளக்கு ஒளிரும். எதிரேயுள்ள டிரான்சிஸ்டர் அவ்வொளியை உணர்ந்து பொத்தான் கம்பியை வானொலியின் எர்த்தோடு சேர்க்கும்.

பெட்டி இயங்கவில்லையெனில் எல்லாவற்றையும் ஒருங்கே கழற்றுதல் கூடாது. தேர்ந்த மின்பணியாளர் போலச் சுற்றைப் பகுத்துச் சோதித்தல் வேண்டும். சோதனை அலைகள் வெளியே பரவாதிருக்க, ஆன்டெனாவைக் கழற்றி, கருவியின் திறனைத் தாங்கும் 50 ஓம் டம்மி லோடைப் பொருத்துவது முதற்கடமை.

முதலில் பெட்டியைக் கழற்றிவிட்டு, பொத்தான் கம்பியை எர்த்தோடு தொடச் செய்வோம். வானொலி அலைபரப்பவில்லையெனில் குற்றம் வானொலியிலோ அதன் கேபிளிலோ உள்ளது.

அலைபரப்பினால், கணிப்பொறிப் பக்கம் மல்ட்டிமீட்டரை வைப்போம். ஓய்வில் எதிர்மின்னழுத்தமும் கட்டளையின்போது நேர்மின்னழுத்தமும் காணப்பட வேண்டும். மாற்றமில்லையெனில் மென்பொருளில் போர்ட் எண்ணோ கம்பியின் பெயரோ தவறாயிருக்கும். யு.எஸ்.பி. மாற்றியை வேறு துளையில் செருகினாலே போர்ட் எண் மாறிவிடுவதுண்டு.

இரு பக்கமும் சரியெனில் குற்றம் பெட்டியினுள்தான். ஆப்டோகப்ளரின் விளக்கு திசை மாறிப் பொருத்தப்பட்டிருக்கலாம். அதன் தொடர்மின்தடை மிகுந்திருக்கலாம். கட்டளையின்போது பொத்தான் கம்பியின் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டுக்கும் கீழே இறங்குதல் நன்று. பாதியில் நின்றால் டிரான்சிஸ்டர் முழுமையாகக் கடத்தவில்லை என்பது பொருள்.

இயங்காத பெட்டியைவிட விடாது இயங்கும் பெட்டியே கொடியது. கணிப்பொறி உயிர்பெறும் வேளையில் கட்டளைக் கம்பிகள் தாமாகவே மாறி வானொலியை இயக்கிவிடக்கூடும். ஆதலின் கணிப்பொறி முழுதும் எழுந்த பின்னரே வானொலியை இயக்குதல் வேண்டும். அலைபரப்பத் தொடங்கிய பின் விடாது ஒட்டிக்கொண்டால், திறனைக் குறைத்துப் பார்ப்போம். குறைத்ததும் பழுது மறைந்தால், வானொலியலையே கேபிள் வழியே பெட்டிக்குள் புகுகிறது என ஐயுறலாம். கேபிளைச் சுருக்கி, ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுகள் சுற்றுதல் தக்க மருந்தாகும்.

லாரியின் ஹாரன் ஒட்டிக்கொண்டால் ஓட்டுநரே முதலில் அறிவார். வானொலிப் பொத்தான் ஒட்டிக்கொண்டாலோ மற்றவர் அனைவரும் அறிவர். உரியவர் மட்டும் அறியார். அவர்தம் கருவி பரப்பிக்கொண்டிருக்கும் வரை, 'நிறுத்துக' என்னும் பிறர் குரல் அவரை எட்டாது. சுமார் 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டிலிருந்து எழும் அத்தகைய ஓர் அலை, சேலம் நாமக்கல் சமவெளியில் அதே அலைவரிசையை நாடுவோர் பலரை வாயடைக்கச் செய்துவிடும்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தும் அவர்தம் ஹாம் குழுவினரும் தொடர்பறுந்த தீவுகளின் செய்திகளை வானொலி வழியே நாட்டிற்கு எட்டச் செய்தனர். அத்தகைய நேரத்தில், எங்கோ ஓர் அறையில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு பெட்டி உயிர்காக்கும் செய்தியை மறைத்துவிடக்கூடும் அன்றோ!

எனவே இணைப்புப் பெட்டி செய்ய முனையும் மாணவர் இரண்டு காப்புகளை மறவாது அமைத்தல் வேண்டும். ஒன்று, பொத்தான் கம்பியைக் கையாலேயே துண்டிக்கும் சுவிட்ச். மற்றொன்று, குறித்த நேரத்திற்குமேல் அலைபரப்பை நிறுத்தும் கால எல்லை; இது பல வானொலிகளிலும் மென்பொருள்களிலும் முன்னரே உள்ளது. கருவி பழுதுறுதல் இயல்பு. பழுதுறும் வேளையில் அது மௌனத்தின் பக்கம் சாயுமாறு அமைப்பதே பிறர்க்கு இடையூறில்லாத் தொழில்நுட்பம் என நாம் கருதுகிறோம்.