பழைய ஆபீஸ் சாமான்: வாங்கும் முன் சில வார்த்தைகள்

சோழிங்கநல்லூரிலிருந்து மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் வரும் சாலையில் இரவு பத்து மணிக்கு மேல் நின்று பார்த்த வணிக அன்பர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. குட்டி யானை வண்டிகளில் அலுமினியச் சட்டங்கள், கண்ணாடிக் கதவுகள், இரும்பு அலமாரிகள், பிளைவுட் பலகைகள் எல்லாம் கயிறு போட்டுக் கட்டி வந்துகொண்டிருக்கும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு ஆபீஸைக் கலைக்கிறார்கள் என்று அர்த்தம்.

நன்றாக இருக்கிற ஆபீஸை ஏன் உடைக்கிறார்கள் என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. வாடகை ஒப்பந்தம்தான் காரணம். பெரிய கட்டடங்களில் இடத்தை வெறும் தளமாகத்தான் கொடுப்பார்கள். தடுப்பு, சீலிங், ஏ.சி. குழாய், மேசை எல்லாம் வாடகைக்கு வருகிறவர் செலவு. காலி செய்யும்போது, பெற்றபடியே வெறும் தளமாகத் திருப்பித் தரவேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து இருக்கும். ஆகவே போட்டு நாலைந்து வருஷமே ஆன சாமானாக இருந்தாலும் கழற்றித்தான் ஆகவேண்டும். கொரோனாவுக்குப் பின் வீட்டிலிருந்தே வேலை என்றானபோது பல கம்பெனிகள் இடத்தைக் குறைத்தன. அப்போது இந்தச் சரக்கு ஏராளமாக வந்தது.

எங்களுக்கு இதில் பழக்கம் ஏற்பட்டது ஒரு கஷ்ட காலத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் மூழ்கியது நினைவிருக்கும். முடிச்சூர் சாலைக் கிடங்கில் எங்களுக்கு இடுப்பளவு தண்ணீர். தரையில் மரக்கட்டை போட்டு அடுக்கியிருந்த சர்க்கரை கரைந்தே போயிற்று. பருப்பு ஊறி நாறியது. பலகைத் தூளை அழுத்திச் செய்த அலமாரிகள் ஊறி, உப்பி, கையோடு பிய்ந்து வந்தன. இனி சரக்கு தரையில் இருக்கக்கூடாது, மரத்தூள் பலகையும் கிடங்குக்குள் வரக்கூடாது என்று அன்றே முடிவு செய்தோம். ஆனால் சரக்கெல்லாம் போன பிறகு புது இரும்பு ராக் வாங்கக் கையில் முதல் ஏது? அப்போதுதான் கலைக்கிற ஆபீஸ் ஒன்றின் கோப்பு அறை ராக்குகள் விலைக்கு வருவதாகத் தெரிந்தது. காயலான் கடை எடை விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து எடுத்தோம். இன்று வரை அரிசி மூட்டை அதில்தான் நிற்கிறது.

ஆனால் எல்லா ராக்கும் அரிசி தாங்காது. தகட்டின் கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலிவு என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். எண் பெரிது என்றால் உறுதி என்று நினைத்து ஏமாந்தவர் உண்டு. நிற்கும் கால்கள் ஓட்டை போட்ட கனமான ஆங்கிளா, அடிப்பாகம் துருப்பிடித்திருக்கிறதா, எங்காவது வளைந்து நிமிர்த்தியிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். வளைத்து நிமிர்த்திய கால் மறுபடியும் அங்கேயேதான் வளையும். பிஸ்கட், சோப்பு வைக்க மெல்லிய தகடு போதும். எண்ணெய் டின்னும் மூட்டையும் வேறு. போல்ட்டுகளை எண்ணி வாங்குங்கள். கழற்றுகிற பையன்கள் பாதியைக் கொட்டிவிட்டு வருவார்கள்.

கண்ணாடி விஷயத்தில் நாங்கள் பணம் கொடுத்துப் பாடம் படித்தோம். தடிமனான, அழகான கண்ணாடிகள் ஆறு எடுத்து வந்து, கவுண்டருக்குத் தகுந்தபடி வெட்டலாம் என்று ஆசாரியிடம் கொடுத்தோம். அவர் கோடு போட்டுத் தட்டியதும் கல்கண்டு கொட்டியதுபோல் மொத்தக் கண்ணாடியும் நொறுங்கிக் கீழே விழுந்தது. நல்ல வேளை, யாருக்கும் காயமில்லை. டஃபன்டு கண்ணாடியைச் சூடேற்றி இறுக்கிய பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது. தேவையான அளவுக்கு முதலிலேயே வெட்டித்தான் இறுக்குவார்கள். பெரும்பாலும் மூலையில் சின்ன முத்திரை இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சம் ஐந்து கண்ணாடிக்கு ஏற்றபடி கவுண்டரைத்தான் கட்டினோம். எங்கள் கவுண்டர் ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

ஜிப்சம் சீலிங் பலகையைத் தொடவேண்டாம். கழற்றும்போதே உடையும், தண்ணீர் பட்டால் மாவாகும். சிமென்ட் வைத்து ஒட்டிய டைல்ஸும் முழுதாக வராது. அலுமினியச் சட்டம், கதவு, தேக்குச் சட்டம், நல்ல பிளைவுட் இவையே காசு பெறும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சும்மா கொடுத்தாலும் எடுக்காதீர்கள். அதை அறுக்கும்போது பறக்கிற தூசு நுரையீரலுக்குக் கேடு. பழைய ஒயர், ஸ்விட்ச் எதையும் எலெக்ட்ரீஷியன் சோதிக்காமல் கடையில் போடக்கூடாது. சரக்கு முழுவதும் எரியக்கூடிய இடம் நம்முடையது.

இனி சொல்லப்போவதே முக்கியமானது. எங்கள் சகோதரி மகன் சேலையூரில் மளிகைக் கடை புதிதாக வைக்க வங்கியில் கடன் வாங்கினான். பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்கு எதிரே தகரப் பெட்டிபோல் கடை இருந்தால் ஜனம் வராது என்பது அவன் கவலை. அது நியாயம்தான். நாங்களே ஓர் உடைப்பு கான்ட்ராக்டரைக் காட்டிக் கொடுத்தோம். "அண்ணாச்சி, எல்லாம் நம்ம கையில்தான், ராத்திரி வண்டி அனுப்புங்க" என்றார் அவர். ஒரு லட்சம் முன்பணம் கொடுத்து வண்டி அனுப்பினோம். ஏற்றிய வண்டியை வாசலில் காவலாளி நிறுத்தினார். கேட் பாஸ் இல்லை. விசாரித்தால், கதவும் கண்ணாடியும் கட்டடச் சொந்தக்காரருடையவை, வாடகைக்காரருடையவை அல்ல என்றார்கள். விடியும்வரை வாசலில் நின்றோம். காவல் நிலையம் போகாமல் தப்பியதே பெரிது. ராக் மட்டும் கிடைத்தது; முன்பணத்தில் பாதி இன்னும் திரும்பவில்லை. மருமகன் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "விடுங்க மாமா" என்றான். அதுதான் எங்களுக்கு அதிகம் உறுத்துகிறது. எழுத்தில் வாங்கிக் கொடுக்கவேண்டியது பெரியவர்கள் பொறுப்பல்லவா?

ஆகவே, கலைக்கிற கம்பெனியின் கடிதம், பொருட்களின் பட்டியல், கேட் பாஸ் மூன்றும் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பில்லும் கேளுங்கள். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்ற வணிகரே ஜி.எஸ்.டி. கட்டவேண்டும் என்று ஆகியிருக்கிறது. ராக்கை ராக்காகவே வாங்குகிறோமா, கழிவாக வாங்குகிறோமா என்பது பில்லில் எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

நம் கடையை இடித்துத் திருத்தும்போது விழுகிற ரப்பீஸ் எங்கே போகிறது என்றும் கவனிக்கவேண்டும். வண்டிக்காரர் "நான் பார்த்துக்கிறேன்" என்றால், பெரும்பாலும் ஏதாவது ஏரிக்கரை அல்லது கால்வாய் ஓரம் என்று பொருள். 2016-இல் வந்த கட்டட இடிபாட்டு விதிகளே, பிரித்துச் சேகரிப்பு இடத்தில் ஒப்படைக்கவேண்டும், சாலையிலோ வடிகாலிலோ கொட்டக்கூடாது என்று சொல்லின. அதற்குப் பதிலாக 2025-இல் புதிய விதிகள் வெளியாகி, 2026 ஏப்ரல் 1 முதல் அமல் என்று குறித்தார்கள். பெருங்குடியில் சென்னை மாநகராட்சி இடிபாட்டை அரைத்து மணலும் ஜல்லியுமாக்கும் ஆலை அமைத்திருக்கிறது. 2021-இல் உருவான நம் தாம்பரம் மாநகராட்சி எல்லையில் எங்கே ஒப்படைப்பது என்பதை மண்டல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். கால்வாயில் கொட்டிய செங்கல்லைச் சுற்றிக்கொண்டுதான் வெள்ளம் நம் கிடங்குக்கு வருகிறது.

மருமகன் கடைக்குப் போட்டது போக நாலு ராக் எங்கள் கிடங்கில் மிச்சம் நிற்கிறது. கனமான ஆங்கிள், துரு இல்லை, போல்ட்டும் சரியாக இருக்கிறது. தேவைப்படும் உறுப்பினர்கள் பகலில் வந்து பார்த்து, வாங்கிய விலைக்கே எடுத்துச் செல்லலாம். பில் தருகிறோம்.