அறிவு நூலும் தோட்டப்புறக் கடையும்

நூல் வாணிகத்தில் கதை நூலுக்கு ஒரு வழியும் அறிவு நூலுக்கு வேறொரு வழியும் உண்டு. கதை நூல் ஆசிரியர் பெயராலும், இதழ்களில் தொடராக வெளிவந்த அறிமுகத்தாலும் தானே விலைபோகும். வரலாறு, சட்டம், அறிவியல், பயணம், வாழ்க்கை வரலாறு முதலியவற்றைக் கூறும் நூல்கள் அவ்வாறு செல்வன அல்ல. ‘இந்நூல் இன்னார்க்கு இன்ன வகையில் பயன்படும்’ என்று எடுத்துச் சொல்வார் ஒருவர் இல்லையேல், அவை கடைத் தட்டிலேயே பழுப்பேறிவிடும். அங்ஙனம் எடுத்துச் சொல்லும் கடமை முதற்கண் மொத்த வணிகரைச் சார்ந்தது. பதிப்பகத்தாரிடம் வாங்கிச் சில்லறைக் கடைகளுக்கு அனுப்புவோர் அவரே. அக்கடமையின் அருமையை உணர்த்த நெகிரி செம்பிலான் தோட்டப்புறம் தக்க சான்றாகும்.

எழுத்தறிவும் நூற்பஞ்சமும்

சிரம்பான், லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் பல்லாயிரவர் வாழ்ந்தனர். 7 முதல் 14 வயது வரையுள்ள சிறார் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகள் எழுத்தறிந்த தலைமுறைகளை உருவாக்கின. ஆயினும் பள்ளியை விட்டபின் அவர்கள் படிப்பதற்கு நாளிதழும் கதைப் புத்தகமும் கிடைத்த அளவுக்கு அறிவு நூல்கள் கிடைத்தில.

இக்குறை சிறியதன்று. 1957-இல் மலாயா விடுதலை பெற்றபொழுது தோட்டப்புற மக்கள் முன்னின்ற பெருங்கேள்வி குடியுரிமை. குடியுரிமை இல்லாதார் அனுமதிச் சீட்டுப் பெற்றே வேலை செய்யலாம் என்ற நிலையை 1968-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டாக்கியது. அது செயற்படுத்தப்பட்டபோது பலர் இந்தியா திரும்ப நேர்ந்தது. சட்டத்தை எளிய தமிழில் விளக்கும் சிறு நூல் ஒன்று, ஒரு குடும்பத்திற்கு உரிய நாடு எது என்பதையே முடிவு செய்யத்தக்க காலம் அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட நாளில், வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கூட்டுறவு என்பது யாது, பங்கு என்பது யாது என்று விளக்கும் நூலுக்கு அன்று ஒவ்வொரு லயத்திலும் வாசகர் இருந்தனர். நூலையும் வாசகரையும் கூட்டி வைக்கும் கை இருந்தாலன்றி இத்தகைய தேவை நிறைவேறாது.

கடைக்காரர் தயங்குவது ஏன்?

தோட்டத்தை அடுத்த சிற்றூர்க் கடை, சம்பள நாளை நம்பி, பற்றுக் கணக்கில் நடந்த கடை. அரிசியும் மண்ணெண்ணெயும் முடங்குவதில்லை. நூலில் போட்ட முதல் முடங்கும். ஒரு நூலின் விலை 20 ரிங்கிட் என்றும், கடைக்காரருக்குக் கழிவு நூற்றுக்கு 25 என்றும் கொள்வோம். பத்துப் படிகளுக்கு அவர் 150 ரிங்கிட் செலுத்த வேண்டும். ஏழு படிகள் விற்றால் கைக்கு வருவது 140. இன்னும் பத்து ரிங்கிட் இழப்பே. எட்டாவது படி விற்ற பின்னரே ஊதியம் தோன்றும். விற்காத படிகளை மொத்த வணிகர் திரும்பப் பெறுவாராயின், அதே ஏழு படிகளுக்கு 35 ரிங்கிட் ஊதியம் கிட்டும். தமிழ் நூல்களுள் பெரும்பாலன கடல் கடந்து வந்தவை. அவற்றைத் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்புதல் கட்டுபடியாகாது. ஆகவே இழப்பை யார் ஏற்பது என்பதே இவ்வாணிகத்தின் நடுச்சிக்கல். ‘நல்ல நூல்’ என்னும் சொல் மட்டும் கடைக்காரரின் அச்சத்தைத் தீர்க்காது.

பரிந்துரையின் இலக்கணம்

பரிந்துரை என்பது புகழுரை அன்று. வாங்குவோர் யார், எதற்காக வாங்குவர், எப்பொழுது வாங்குவர், எத்தனை படிகள் போதும் என்னும் நான்கு வினாக்களுக்கு விடை தருவதே பரிந்துரை.

வெ. சாமிநாத சர்மாவின் ‘பர்மா வழிநடைப் பயணம்’ என்னும் நூலை எடுத்துக்கொள்வோம். ‘பேரறிஞர் எழுதிய நூல்’ என்று சொன்னால் கடைக்காரர் தலையசைத்துவிட்டு அப்பால் செல்வார். ‘1942-இல் போருக்கு அஞ்சி பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா சென்றவர் தம் துன்பத்தைக் கூறும் நூல். அதே போர்க்காலத்தில் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டோரின் மக்களும் பேரரும் இவ்வட்டாரத்தில் உள்ளனர். அவர்கள் வாங்குவர்’ என்று சொன்னால், யாரிடம் காட்டுவது என்று அவருக்குத் தெரிந்துவிடும். முத்தம்மாள் பழனிசாமியின் ‘நாடு விட்டு நாடு’ கொங்கு நாட்டிலிருந்து மலாயா வந்த குடும்பத்தின் கதையைச் சொல்வது. அதனை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்க்கும், மூத்தோர் கதை கேட்க விரும்பும் இளைஞர்க்கும் சுட்டலாம்.

வேண்டாம் என்று சொல்வதும் பரிந்துரையின் ஒரு பகுதியே. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் ஒப்பற்றது. எனினும் அது பள்ளி நூலகத்திற்கு உரியதேயன்றிச் சிறு கடைக்கு உரியதன்று. இதனை மறைத்து விற்பவர் ஒருமுறை விற்பார். வெளிப்படையாகக் கூறுபவரின் அடுத்த சொல்லுக்கு மதிப்பிருக்கும்.

ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதை நூலகவியலின் ஐந்து விதிகளுள் ஒன்றாக எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் வகுத்தார். நூலகர்க்கு அவர் சொன்னது நூல் வணிகர்க்கும் பொருந்தும். போர்டு அறநிறுவனத்தின் உதவியுடன் 1955-இல் சென்னையில் தோன்றிய தென்மொழிகள் புத்தக நிறுவனம், தென்னிந்திய மொழிகள் நான்கிலும் மலிவு விலை நூல்கள் பரவ வழிசெய்ததோடு, விற்பனையாளர்க்குப் பயிற்சியளிப்பதிலும் கருத்துச் செலுத்தியது. அச்சிடுதல் பாதி வேலை, கொண்டு சேர்த்தல் மறுபாதி என்பதை அது உணர்ந்திருந்தது.

இன்றைய நிலை

ரப்பர் நின்ற நிலங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. லயங்களில் வாழ்ந்தோரின் மக்கள் சிரம்பான், நீலாய் முதலிய நகரங்களின் குடியிருப்புகளில் பரவியுள்ளனர். முன்னர் ஒரு தோட்டத்தை அறிந்தால் அங்குள்ள வாசகரை அறியலாம். இன்று வாசகர் சிதறியிருத்தலின், அவரைத் தேடிக் கண்டறிதல் கடினமாயிற்று. மொத்த வணிகர் பட்டியலை மட்டும் அனுப்பிவிட்டு அமர்ந்திருத்தல் முன்னினும் பயனற்றது.

இங்கேதான் தமிழாசிரியரின் துணை வேண்டப்படுகிறது. மாநிலத்தில் தமிழ்ப்பள்ளிகள் 61 உள்ளன. எவ்வீட்டில் எதைப் படிப்பார் உளர் என்பதை அப்பள்ளிகளின் ஆசிரியரைப் போல் அறிந்தவர் அரியர். அவர்கள் தம் ஊர்க் கடைக்காரரிடம் ‘இத்துறையில் நூல் கேட்போர் ஐவர் உளர்’ என்று சொல்வாராயின், கடைக்காரர் மொத்த வணிகரிடம் ஐந்து படிகளை அச்சமின்றிக் கேட்பார். ஐந்து படிகள் விற்ற கடையில் அடுத்த அறிவு நூலுக்கு இடம் உண்டாகும்.