கடலில் இருவர் – 6: தூங்கப் போகிறவரின் பயிற்சி

1942 டிசம்பர் 7 இரவு, பிரான்ஸின் மேற்குக் கரைக்கு அருகே, ட்யூனா என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஐந்து கேனோக்கள் கடலில் இறங்கின. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். ஜெர்மானியர் பிடியில் இருந்த போர்தோ துறைமுகம்தான் இலக்கு. இரவெல்லாம் துடுப்புப் போட வேண்டும், பகலில் கரையோரம் ஒளிந்துகொள்ள வேண்டும், கடைசியில் கப்பல்களின் அடிவயிற்றில் வெடிகளை ஒட்ட வேண்டும். போன பத்துப் பேரில் உயிரோடு ஊர் திரும்பியவர்கள் இருவர்தான்: மேஜர் ஹாஸ்லரும் பில் ஸ்பார்க்ஸும். இருவரும் ஒரே கேனோவில் இருந்தவர்கள். பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தாரின் உதவியோடு பிரனீஸ் மலையைக் கடந்து ஸ்பெயினுக்குத் தப்பினார்கள்.

அதே ஹாஸ்லர்தான் பிற்காலத்தில் பாய்மரப் பந்தயங்களின் போக்கையே மாற்றினார். 1960இல் ஒற்றை ஆளாக அட்லாண்டிக்கைக் கடக்கும் பந்தயம் அவர் முயற்சியால் நடந்தது. அவரும் கலந்துகொண்டு இரண்டாவதாக வந்தார். அடுத்து அவர் முன்வைத்தது வேறொரு யோசனை: ஒரு படகு, இரண்டு பேர், பிரிட்டனையும் அயர்லாந்தையும் முழுதாகச் சுற்றி வர வேண்டும். ப்ளைமத்தில் உள்ள ராயல் வெஸ்டர்ன் யாட் கிளப் 1966இல் அதை நடத்தியது. டெரெக் கெல்சல் தானே வடிவமைத்துக் கட்டிய டோரியா என்ற மூன்றுடல் படகு முதல் பந்தயத்தில் வென்றது. அவரோடு போனவர் மார்ட்டின் மின்டர்-கெம்ப்.

வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டால் பல பந்தயங்களில் இருந்த வழி எளிதில் விளங்கும். ப்ளைமத்திலிருந்து அயர்லாந்தின் தெற்குக் கரையில் உள்ள கிராஸ்ஹேவன். அங்கிருந்து அயர்லாந்தின் மேற்குப் பக்கமாக ஏறி, ஸ்காட்லாந்தின் பார்ரா தீவில் உள்ள காசில்பே. பிறகு செயின்ட் கில்டா தீவையும் ஷெட்லாந்தின் வடமுனையான மக்கிள் ஃப்ளக்காவையும் சுற்றி லெர்விக். அதன்பின் வட கடல் வழியாக இறங்கி லோஸ்டாஃப்ட், டோவர் நீரிணை, மறுபடி ப்ளைமத். ஏறக்குறைய 2000 கடல் மைல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 48 மணி நேரம் கட்டாயம் தங்க வேண்டும் என்பது பல பந்தயங்களில் இருந்த விதி. கிழிந்த பாயைத் தைப்பதும் விட்ட தூக்கத்தைத் தூங்குவதும் அதற்குள்தான்.

இந்தப் பந்தயத்துக்கு இரண்டு நண்பர்கள் பெயர் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள், வார இறுதியில் பாய் விரிக்கிறவர்கள். பெயர் கொடுத்த கையோடு மனம் ஓடுவது பொருள்களின் பக்கம். புதிய பாய், புயலுக்கான சிறிய பாய், லைஃப் ராஃப்ட் என்னும் உயிர்காப்பு மிதவை, அருகே வரும் கப்பல்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி. இவையெல்லாம் வேண்டியவைதான். காசு இருந்தால் ஒரு மாதத்தில் வாங்கிவிடலாம். காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்றுக்குத்தான் மாதக்கணக்கில் பழக வேண்டியிருக்கிறது. படகை நண்பர் கையில் விட்டுவிட்டுக் கீழே போய்த் தூங்குவதுதான் அது.

இருவர் படகு என்று சொல்கிறோமே தவிர, கடலில் அதைப் பெரும்பாலான நேரம் ஒருவர்தான் ஓட்டுகிறார். மற்றவர் தூங்குகிறார், அல்லது தூங்க முயல்கிறார். படகின் உள்ளே ஓசைகள் பெரிதாகக் கேட்கும். கயிறுகளை இழுக்கும் விஞ்ச் சுழல்கிறது, பாய் படபடக்கிறது, மேலே காலடி ஓடுகிறது. படுத்திருப்பவர் ஒவ்வொரு ஓசைக்கும் காரணம் தேடிக்கொண்டிருந்தால் அவருக்கு ஓய்வே கிடையாது. மூன்றாம் நாள் அவர் எடுக்கும் முடிவுகள் பிசகத் தொடங்கும். தனியாகவும் இருவராகவும் பந்தயம் ஓட்டுகிறவர்களின் தூக்கத்தை ஆராய்ந்த கிளாடியோ ஸ்டாம்பி, துண்டு துண்டான குறுந்தூக்கத்திலும் மனிதர்கள் செயல்பட முடியும் என்று காட்டினார். ஆனால் அந்தத் துண்டுகள் உண்மையான தூக்கமாக இருக்க வேண்டும். விழித்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பது கணக்கில் வராது.

அதனால் தேர்ந்த இணைகள் முதலில் முறை மாற்றத்தைப் பழகுகிறார்கள். இரவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, பகலில் நான்கு என்பது பலர் வைத்துக்கொள்ளும் கணக்கு. ஆள் மாறும் அந்தச் சில நிமிடங்களைத்தான் நான் இந்த விளையாட்டின் உயிர்நிலை என்று நினைக்கிறேன். எழுந்து வருபவரின் கண்ணுக்கு இருட்டு பழக இருபது நிமிடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதனால் உள்ளே சிவப்பு விளக்குதான் எரியும். அவர் பாதுகாப்புக் கொக்கியை மாட்டிக்கொண்டு மேலே வந்து உட்கார்ந்த பிறகே பேச்சு. காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பாரோமீட்டர் எவ்வளவு இறங்கியிருக்கிறது, வலப்பக்கம் தெரியும் விளக்கு மீன்பிடிப் படகா சரக்குக் கப்பலா, எந்தக் கயிறு எங்கே உரசித் தேய்கிறது. எல்லாவற்றையும் சொன்ன பின்னும் முதலாமவர் உடனே கீழே போவதில்லை. புதியவர் சுக்கானைப் பிடித்து, படகு அவர் கைக்கு வரும்வரை பக்கத்திலேயே இருக்கிறார்.

எப்போது எழுப்புவது என்பதையும் கரையிலேயே பேசி முடிக்க வேண்டும். இதில் நட்பே இடைஞ்சலாக வருவதுண்டு. 'பாவம், இப்போதுதான் படுத்தான், நானே சமாளித்துக்கொள்கிறேன்' என்று ஒருவர் இரக்கப்படுகிறார். காற்று ஏறுகிறது. பாயைச் சுருக்க வேண்டிய நேரம் தாண்டிவிடுகிறது. இருட்டில், ஆடும் தளத்தில், தனியாக அணியத்துக்குப் போகிறார். விபத்துக்கு இதைவிட நேரான வழி கிடையாது. ஆகவே எத்தனை நாட் காற்றில் பாயைச் சுருக்குவது, ஒரு கப்பல் எவ்வளவு தூரத்தில் வரும்போது குரல் கொடுப்பது என்று எண்களாகவே எழுதி, சுக்கானுக்கு அருகே ஒட்டி வைக்கிறார்கள் சிலர். வீணாக எழுப்பிவிட்டாலும் முகம் சுளிக்கக் கூடாது என்பதையும் அதில் சேர்ப்பேன். ஒரே ஒரு முறை எரிந்து விழுந்தால் போதும், அடுத்த முறை அவர் எழுப்ப மாட்டார்.

கடலில் விழுவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும். 1982இல் இதே சுற்றுப் பந்தயத்தை வென்றவர்கள் ராப் ஜேம்ஸும் அவர் மனைவி நயோமி ஜேம்ஸும். நயோமி, கேப் ஹார்ன் வழியாகத் தனியாக உலகைச் சுற்றிய முதல் பெண். அந்தப் பயணத்தை அவர் முடித்தது 1978இல். ராப் ஜேம்ஸோ தலைமுறைக்கு ஒருவர் என்று சொல்லத்தக்க படகோட்டி. 1983 மார்ச்சில் சால்கம் கரைக்கு அருகே, அவர்கள் வென்ற அதே படகில், படகின் உடல்களுக்கு இடையே கட்டியிருந்த வலையின் கயிறு அறுந்து ராப் நீரில் விழுந்தார். படகில் வேறு ஆட்கள் இருந்தார்கள். கரை தொலைவில் இல்லை. அப்படியும் அவரை உயிரோடு மீட்க முடியவில்லை. குளிர் முந்திக்கொண்டது. சில நாள்களில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எத்தனை முறை படித்தாலும் இந்தச் செய்தியைச் சாதாரணமாகக் கடந்து போக என்னால் முடிவதில்லை.

அத்தனை பேர் இருந்தும் அப்படி என்றால், இருவர் படகின் நிலையை நினைத்துப் பாருங்கள். விழுவது பெரும்பாலும் விழித்திருப்பவர். காப்பாற்ற வேண்டியவர் கீழே தூங்கிக்கொண்டிருப்பார். எனவே முதல் பாதுகாப்பு விழாமலிருப்பதுதான். அணியத்திலிருந்து பின்பக்கம்வரை தளத்தில் நீளப் பட்டை கட்டி, உடலில் மாட்டிய ஹார்னஸை அதில் கோத்துக்கொண்டே நடக்கிறார்கள். ஒரு கொக்கியை மாட்டிய பிறகே மறு கொக்கியைக் கழற்றலாம். அதற்குப் பிறகும் விழுந்தால்? துறைமுகத்திலேயே ஒத்திகை பார்க்கிறார்கள். நண்பர் நனைந்த உடையோடு நீரில் கிடக்கிறார், கைகொடுத்து உதவாமல் தொங்கிக் கிடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மேலே இருப்பவர் பாயை ஏற்றும் கயிற்றை அவர் ஹார்னஸில் மாட்டி, விஞ்சைச் சுழற்றித் தூக்குகிறார். வெறும் கையால் இழுக்க முடியாது என்பது அப்போது உடம்பில் உறைக்கும். எந்த விஞ்ச், எந்தக் கயிறு, எந்தப் பக்கம் என்று தேடாமல் கை தானாகப் போகும்வரை செய்கிறார்கள்.

நெடுங்கடல் பந்தய விதிகள், படகில் உள்ளவர்களில் குறைந்தது இருவராவது உயிர்காப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்கின்றன. இருவர் படகில் அது இருவருக்குமே கட்டாயம் ஆகிவிடுகிறது. நீச்சல் குளத்தில் கவிழ்ந்து கிடக்கும் லைஃப் ராஃப்டின் மேல் ஏறி, பட்டையைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து அதை நிமிர்த்துவது அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி.

இணை எப்படி உருவாகிறது என்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. அது பந்தயம் கிடையாது, ஆனால் பந்தயத்தைவிடக் கடினம். புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து ஐ.என்.எஸ்.வி. தாரிணியில் கிளம்பி, கேப் ஹார்ன் வழியாக உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினார்கள். 56 அடிப் படகு, எட்டு மாதம், இரண்டே பேர். அதற்கு முன் மூன்று ஆண்டுகள் பயிற்சி. வழிகாட்டியவர், தனியாக உலகைச் சுற்றிய அபிலாஷ் டோமி. பயிற்சியின் வரிசையைக் கவனியுங்கள். 2023இல் ஆறு பேர் குழுவில் ரியோ வரை போய் வந்தார்கள். பிறகு இருவராக கோவாவிலிருந்து போர்ட் பிளேர், அடுத்து இருவராக மொரீஷியஸ். ஆறு பேர் தாங்கிய பாரம் இரண்டு பேரின் தோள்களுக்கு வந்து சேர்ந்தது, அந்தத் தோள்கள் அதற்குப் பழகிய பிறகுதான்.

படகைத் தானாகச் செலுத்தும் ஆட்டோபைலட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருவர் படகில் அதுதான் மூன்றாவது ஆள். அது பழுதானால் ஒருவர் சுக்கானை விட்டு நகர முடியாது. சமையல், வரைபடம், பழுதுபார்ப்பு எல்லாமே தூங்க வேண்டியவரின் நேரத்திலிருந்து போகும். அதனால் பயிற்சிப் பயணங்களில் ஒருநாள் முழுக்க அதை வேண்டுமென்றே அணைத்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். லெர்விக்குக்கும் லோஸ்டாஃப்ட்டுக்கும் நடுவே, எண்ணெய் மேடைகள் நிற்கும் வட கடலில் போய் முதன்முறையாக அதைக் கற்றுக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அந்த மேடைகளைச் சுற்றி 500 மீட்டருக்குள் படகு நுழையவே கூடாது.

சாப்பாடு, உடை, மருந்துப் பெட்டி பற்றிய பட்டியல்கள் எல்லாப் பாய்மரக் கையேடுகளிலும் கிடைக்கும் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். அடுத்த வாரம் ப்ளைமத்திலிருந்து கிராஸ்ஹேவன் வரையிலான முதல் கட்டம்: கரையில் போட்ட முறைக் கணக்கு பல படகுகளில் முதல் இரவே ஏன் குலைந்துபோகிறது என்று பார்ப்போம்.

(தொடரும்)